67ஆம் எண் பெட்டி

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த ஆங்கிலேயப் பெரியவர் போன குளிர்காலத்தில் காலமானார். வடக்கு லண்டனுக்கு நாங்கள் வந்த புதிதில், குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர் அவர்தான். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய மகள் வந்து கதவைத் தட்டினார். அப்பாவின் பொம்மைச் சிப்பாய்கள் மாடியில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, விற்பதா வைத்துக்கொள்வதா தெரியவில்லை, முதலில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார். "நீங்கள் நூலகத்தில் பட்டியல் போட்டவர்தானே?"

20 வருடம் போட்டிருக்கிறேன். ஆனால் புத்தகத்துக்குத் தலைப்பு உண்டு, எழுதியவர் பெயர் உண்டு, அச்சான வருடம் உண்டு. ஈயச் சிப்பாய்க்கு என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் போனேன்.

பிஸ்கட் டின்கள், செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகள், மூடி கிழிந்த சிவப்புப் பெட்டிகள். எண்ணிப் பார்த்ததில் 312 உருப்படிகள். பெரியவரே ஒரு கோடு போட்ட நோட்டில் கணக்கு எழுதத் தொடங்கியிருந்தார். பெட்டி எண், படைப்பிரிவு, எத்தனை, நிலை என்று நான்கு கட்டங்கள். முதல் பக்கங்களில் கையெழுத்து அச்சடித்தாற்போல இருந்தது; போகப் போக எழுத்து நடுங்கியிருந்தது. அவர் கடைசியாக எழுதிய வரி இது: 67. முதலாம் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 5. ஒருவனுக்குக் கழுத்தில் தீக்குச்சி.

நான் பாளையங்கோட்டைக்காரி. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தீக்குச்சி என்பது பொம்மைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. இந்தச் சிப்பாய்களின் உள்ளே ஒன்றும் கிடையாது, கூடு. கீழே விழுந்தால் முதலில் போவது தலை. உடைந்த கழுத்துக்குள் ஒரு துண்டுத் தீக்குச்சியைச் செருகித் தலையை மேலே பொருத்திவிடுவார்கள். பழைய சேகரிப்பு எதைத் திறந்தாலும் நாலைந்து பேர் இப்படித்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

பட்டியல் போடுவதற்கு எனக்கு நானே சில விதிகள் வகுத்துக்கொண்டேன். எதையும் துடைத்துப் பளபளப்பாக்கக் கூடாது. பழைய வண்ணம் போனால் போனதுதான். பொம்மையின்மேல் எண் எழுதக் கூடாது. தனி அட்டையில் பென்சிலால் எழுதி அருகில் வைக்க வேண்டும். எந்தப் பெட்டியில் இருந்ததோ அந்தப் பெட்டியோடு சேர்த்தே பதிய வேண்டும். உடைசலை மறைக்காமல் எழுத வேண்டும். ஈயமாகையால் ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஓக் மர அலமாரியில் மட்டும் வைக்கக் கூடாது. அந்த மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

இந்த விதிகளில் பாதி நூலகத்தில் கற்றவை. மீதி எங்கள் ஆச்சியிடம் கற்றவை.

ஆச்சி வீட்டில் நவராத்திரிக்கு 7 படி கொலு. விஜயதசமி கழிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கும்போது, ஒரு 40 பக்க நோட்டை எடுத்துவைத்துக்கொள்வாள். "ஏட்டி, பைய எடு. செட்டியாருக்குக் காது போயிரும்" என்று எங்களை அதட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். அந்த நோட்டில் விலை கிடையாது. எந்த வருடம் வாங்கியது, யார் வாங்கித் தந்தது, எந்த ஊர்ப் பொம்மை என்றுதான் இருக்கும். பேண்டு வாத்தியக் கோஷ்டி, தாத்தாவுக்கு வேலை மாற்றலான வருடம், பண்ருட்டி. மரப்பாச்சி ஜோடி, ஆச்சி கல்யாணச் சீர். உடைந்ததை ஆற்றில் விட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். விட்ட பிறகும் அந்த வரியை அவள் அடிக்கமாட்டாள். பக்கத்தில் 'இல்லை, தாமிரவருணி' என்று எழுதிவைப்பாள்.

பெரியவரின் நோட்டுக்கும் ஆச்சியின் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு 67ஆம் வரியில்தான் உறைத்தது. அந்த ஐந்து பேர் யார் என்று எழுத அவருடைய நோட்டில் ஒரு கட்டம் இல்லை. அதைத் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன்.

*

ஈயச் சிப்பாய் முதலில் ஜெர்மனியின் சரக்கு. நியூரம்பர்க் நகரத்துத் தட்டைத் தகர வீரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் குழந்தைகளிடம் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். பிறகு வந்த முழு உருவப் பொம்மைகள் கெட்டி ஈயம்; கனமும் அதிகம், விலையும் அதிகம். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற பொம்மைக்காரக் குடும்பத்து இளையவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியவுடன் நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவது. உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் இறங்கியது. ஜெர்மன் பொம்மையின் ராஜ்ஜியம் அங்கே ஆட்டம் கண்டது.

பட்டறை ஹார்ன்ஸி ரைஸில், குடும்பத்தார் வீட்டிலேயே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். வார்ப்பது பட்டறையில், வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் பெண்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப்போய், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தீட்டித் தந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். 1ஆம் எண் அரண்மனைக் காவல் குதிரைப்படை. காலாட்படைப் பெட்டியில் 8 பேர், குதிரைப்படைப் பெட்டியில் 5 பேர். எண் வைத்ததுதான் வியாபார சூட்சுமம். 12 இருக்கிறது, 13 இல்லை என்று தெரிந்தால் பிள்ளை சும்மா இருக்காது. பட்டியல் ஆசையை வளர்த்தது. ஒரே அச்சில் வார்த்த உருவத்துக்குச் சட்டையையும் தலைப்பாகையையும் வண்ணம் மாற்றித் தீட்டினால் இன்னொரு படைப்பிரிவு, இன்னோர் எண். பத்திரிகையில் எந்தச் சண்டை பேசப்படுகிறதோ அது கடைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கப் போர் 1899இல் தொடங்கியதும் போயர் வீரர்கள் பெட்டியில் வந்தார்கள்.

இந்தியப் படைகளும் இந்த வரிசையில் சீக்கிரமே இடம்பிடித்தன. வங்காளக் குதிரைப்படை, பம்பாய், மதராஸ். 1890களின் பிற்பகுதியில் வந்தது 67ஆம் எண். சிவப்புச் சட்டை, தலைப்பாகை, கரிய முகம். அந்த முகத்தைத் தீட்டிய லண்டன் பெண் அப்படி ஒரு முகத்தை நேரில் பார்த்திருப்பாளா என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு யோசித்தேன். கண்ணுக்கு ஒரு புள்ளி, மீசைக்கு ஒரு கோடு. ஐந்து பேருக்கும் ஒரே கை தீட்டியிருக்க வேண்டும். மீசை இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

விளையாட்டில் இவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? பிரிட்டன்ஸ் பொம்மைகள் வருவதற்கு முந்தைய தலைமுறையில் ஒரு வீட்டுக் கதை பதிவாகியிருக்கிறது. 1874இல் பிறந்த வின்ஸ்டன் சர்ச்சில், 1930இல் வெளியிட்ட தன் இளமைக்கால நினைவுகளில், சிறுவயதில் தன்னிடம் ஏறத்தாழ 1,500 பொம்மை வீரர்கள் இருந்ததாக எழுதுகிறார். அத்தனையும் பிரிட்டிஷ் வீரர்கள். எதிரிப் படைக்குத் தளபதி தம்பி ஜாக். அண்ணனும் தம்பியும் செய்துகொண்ட 'ஒப்பந்தப்படி' தம்பி கறுப்பு நிறத்து வீரர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பீரங்கி கிடையாது. ஒருநாள் அப்பா வந்து அணிவகுப்பைப் பார்வையிட்டு, பட்டாளத்தில் சேர்கிறாயா என்று மகனைக் கேட்டார். அந்த அப்பா, ராண்டால்ஃப் சர்ச்சில், 1885இல் இந்தியாவுக்கான மந்திரி. அவர் காலத்தில்தான் மேல் பர்மாவைப் பிடிக்கப் படை போனது. அதில் மதராஸ் துருப்புகளும் போயின.

சர்ச்சில் அதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த ஏற்பாடும் அதுவே. சில மலைப் பீரங்கி அணிகள் தவிர, பீரங்கியை இந்தியச் சிப்பாயின் கையில் தரவில்லை. அரசாங்கத்தின் கொள்கை குழந்தைகள் அறைத் தரைவிரிப்பு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

*

இனி, பொம்மைக்கு மூலமான ஆட்கள்.

மதராஸ் படையின் தொடக்கம் 1758. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் சிதறிக் கிடந்த சிப்பாய்க் கூட்டங்களைப் பட்டாளங்களாகத் திரட்டினார். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று கலந்த படை. ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த சாதியினருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தந்த வெகுசில வேலைகளில் பட்டாளமும் ஒன்று.

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த பட்டாளங்களில் இரண்டு, 1ஆம் எண் ரெஜிமெண்டைச் சேர்ந்தவை. புதிய மாதிரித் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, காதணிக்குத் தடை என்ற உத்தரவுகள்தான் பொறி. எழுச்சி அன்றே அடக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். எழுந்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. ஆனாலும் 1 என்ற எண் மதராஸ் படைப் பட்டியலில் பிறகும் இருந்தது. ஆட்களைக் கலைத்துவிடலாம், எண்ணை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடலாம். பட்டியல் போடுகிறவளுக்கு இது புதிதல்ல. நூலகத்தில் தொலைந்துபோன புத்தகத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டால், முந்தையது இருந்ததற்கே தடயம் இராது. அதனால்தான் அப்படிச் செய்யக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

1883இல் 1ஆம் மதராஸ் காலாட்படை பயனியர் படையாக மாற்றப்பட்டது. துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் சுமந்து, முன்னே போய்ச் சாலை போட்டு வழி உண்டாக்கும் வேலை. பெட்டியில் இருக்கும் ஐவரிடம் மண்வெட்டி இல்லை. லண்டன் கடைக்கு இவர்கள் வந்துசேர்ந்தபோது, நிஜமான 1ஆம் எண்காரர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். பின்னாளில் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானவர். தெற்கில் நெடுங்காலம் சண்டையில்லாமல் இருந்ததால் அங்கத்திய ஆட்கள் போருக்கு லாயக்கற்றுப் போய்விட்டார்கள், வடக்கிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1897இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றிலும் இதை எழுதினார். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கொள்கை அரசாங்க வேதமானது. மதராஸ் படை தனிப்படையாக இருந்தது 1895 ஏப்ரல் 1 அன்று முடிந்தது. பல மதராஸ் பட்டாளங்களில் தென்னாட்டாருக்குப் பதிலாகப் பஞ்சாபிகளைச் சேர்த்தார்கள். 1903இல் கிச்சனர் படைகளுக்கெல்லாம் எண்ணை மாற்றியபோது, மதராஸ் எண்களோடு 60ஐக் கூட்டினார்கள். 1ஆம் மதராஸ் பயனியர்கள் 61 ஆனார்கள். 7ஆம் மதராஸ் காலாட்படை 67ஆம் பஞ்சாபிகள் ஆனது.

ஆக, லண்டன் பிள்ளைகள் காசு சேர்த்து 67ஆம் எண் பெட்டியை வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், நிஜப் படையின் 67ஆம் எண்ணில் மதராஸ்காரர் இல்லை. எண்கள் பொருந்தியது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலைக் கண்ட அன்று எனக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

மிஞ்சிய மதராஸ்காரர்களின் பெயரை ஒரே வாரத்தில் கெடுத்தது தங்கா. 1914 நவம்பர் தொடக்கத்தில், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் அந்தத் துறைமுகத்தில் ஏறத்தாழ 8,000 பேரை இறக்கினார்கள். அதில் 61ஆம் பயனியர்கள் இருந்தார்கள். பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63ஆம் இலகு காலாட்படையும் இருந்தது. கப்பலில் அடைபட்டு வாரக்கணக்காக வந்தவர்கள். எதிரே ஆயிரம் பேர் அளவிலான ஜெர்மன் படை, அதிலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். வெற்றி அவர்களுக்கே. பாளையங்கோட்டைப் படை கலைந்து ஓடியது என்பது பதிவாகியிருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆயத்தமில்லாத ஆட்களை, வேவு பார்க்காமல், எதிரிக்கு முன்கூட்டியே தகவல் தெரிந்த கரையில் இறக்கிய தளபதிகளின் கணக்கும் அதே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பழி முழுவதும் 'தெற்கத்தியானுக்குச் சண்டை வராது' என்ற பழைய வாக்கியத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

61ஆம் பயனியர்கள் 1922இல் மறுபடி 1ஆம் எண் பெற்றார்கள். மதராஸ் பயனியர் படையே 1933இல் செலவைக் குறைக்கக் கலைக்கப்பட்டது. ஆள் போதாமல் போன 1941இல்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் வந்தது.

2021 ஏப்ரலில், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்காக ஒரு சிறப்புக் குழு அறிக்கை தந்தது. முதல் உலகப்போரில் மாண்டவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ, அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்றது அது. பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. ஈயப் பொம்மைகளில் எத்தனை உண்டு, எதற்குக் கை போயிற்று என்று எழுதிவைத்த பெரியவரின் நோட்டு மடியில் இருக்கும்போது இந்த எண்களைப் படித்தேன்.

*

இங்கேயே பிறந்த என் மகள் ஒரு சனிக்கிழமை படம் எடுக்க உதவிக்கு வந்தாள். ஐந்து பேரையும் வெள்ளைத் தாளில் நிறுத்தி விளக்கைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "அம்மா, இவங்க நம்ம ஆளுங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. 1799இல் பானர்மன் பாளையங்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குப் படை நடத்திப்போனபோது, பின்னால் நடந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சட்டைதான் போட்டிருந்தார்கள். கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சுற்றி நின்று காவல் காத்ததும் கம்பெனிச் சிப்பாய்கள்தான். 1795இல் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த படையிலும் மதராஸ் சிப்பாய்கள் உண்டு. வேலூரில் எழுந்ததும் இவர்கள்; பாஞ்சாலங்குறிச்சியை இடிக்கப் போனதும் இவர்கள். சம்பளத்துக்குப் போனவர்கள். ஊரில் கிடைக்காத ஒரு மரியாதையைச் சட்டையில் தேடியவர்கள் என்றும் சொல்லலாம்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஆளுங்கதான். ஆனா அதை மட்டும் எழுதாதே" என்றாள்.

அவள் சொன்னது சரி என்று பட்டது. இரண்டாம் தலைமுறையிடம் முன்னோரைப் பற்றிச் சொல்லும்போது நாம் ஒன்று வீரராக்கிவிடுகிறோம், இல்லையென்றால் பேச்சையே மாற்றிவிடுகிறோம். ஒரு நல்ல இருப்புக் கணக்கில் உடைசலும் ஒட்டுப்போட்டதும் தனிக் கட்டத்தில் வரும். அதை எழுதியதால் பொருள் கழிந்துபோவதில்லை.

பட்டியலில் 'நேட்டிவ்' என்ற சொல்லை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பெட்டியில் இருக்கும் பெயரை மாற்றினால் அது பொய்ப் பட்டியல். ஆகவே செய்தவர் வைத்த பெயர் என்று ஒரு கட்டம் போட்டு, அதை அப்படியே எழுதினேன். அடுத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: யார். அதில் 1758, 1806, 1883, 1903, 1914, 1933 என்ற வருடங்களும், வருடத்துக்கு ஒரு வரியும். மற்றப் பெட்டிகளுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. ஹைலாண்டர், ஜூலு, போயர் எல்லோருக்கும். வேலை மூன்று மாதம் இழுத்துவிட்டது.

முடித்துக் கொடுத்தபோது பெரியவரின் மகள் 67ஆம் பக்கத்தில் நின்றார். அப்பா ஐந்து என்று எழுதியிருக்கிறார், நீங்கள் எட்டு வரி எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார். பெட்டி எட்டுப் பேருக்கானது என்றேன். எங்கள் ஆச்சியின் நோட்டைப் பற்றியும் சொன்னேன். விற்பதைப் பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. விற்றாலும் பட்டியலின் அந்தப் பக்கம் பெட்டியோடு போகட்டும் என்று சொல்லி, ஒரு பிரதியை மடித்துச் சிவப்பு மூடிக்குள் வைத்தார்.

அந்தப் பக்கத்தின் முடிவு இப்படி இருக்கிறது:

67/5. தலை உடைந்து ஒட்டியது. தீக்குச்சி.
67/6. இல்லை.
67/7. இல்லை.
67/8. இல்லை.